பேர் விட்ட இடம்

எனக்கு முன்னால் அந்த ரூட்டில் கம்பெனி பஸ் ஓட்டியவர் சாவியைக் கொடுக்கும்போது பிரேக்கைப் பற்றிச் சொல்லவில்லை. கிளட்ச் பற்றியும் சொல்லவில்லை. மண்ணூர் ஸ்டாப்பைப் பற்றித்தான் சொன்னார்.

"அங்க ஒரு அம்மா ஏறும். கேண்டீன்ல வேலை. அது ஏறாம வண்டிய எடுத்துடாத."

"ஏன், சண்டை போடுமா?"

"சண்டை போட்டா பரவாயில்லியே. 'இருக்கட்டும்'னு சொல்லும்."

அவர் ஒருநாள் அவசரத்தில் அந்த அம்மாவை விட்டுவிட்டு எடுத்துவிட்டாராம். மறுநாள் அந்த அம்மா படியில் ஒரு கால் வைத்தது. இன்னொரு காலில் செருப்பு வாரைச் சரி செய்தது. மெதுவாக. பின்னால் கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்தன. உள்ளே இருந்தவர்கள் கத்தினார்கள். அந்த அம்மா நிமிரவில்லை. தினமும் அதே வார், அதே நிதானம். கம்பெனியில் டிரைவருக்கு லேட் மெமோ வந்தது. கடைசியில் அவர் இறங்கி வந்து, "அம்மா, தப்பு என்னுதுதான்" என்று சொன்ன பிறகுதான் அந்தச் செருப்பு சரியானது.

பஸ்ஸில் எல்லாரும் அவரை அக்கா என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். என் சீட்டுக்கு நேர் பின்னால் உட்காருவார். மடியில் ஒயர் கூடை. முந்தானை நுனியில் வீட்டுச் சாவி. பேச்சு கிடையாது. நானும் பேசுகிறவன் இல்லை. ஓரகடம் கம்பெனி வரைக்கும் அப்படியே போவோம்.

கேண்டீனில் நடந்தது ஒன்று. ஒரு சூப்பர்வைசர், தட்டில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது என்று எல்லார் முன்னாலும் அக்காவைத் திட்டினார். அடுக்கியிருந்த தட்டு முழுவதையும் மறுபடியும் கழுவச் சொன்னார். அக்கா கழுவினார். "இருக்கட்டும் சார்" என்றார். மறுநாளிலிருந்து அந்த ஆள் சாப்பிட வரும்போதெல்லாம் அக்கா ஒரு தட்டோடு எதிரில் போய் நிற்பார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். "பாத்துக்கோங்க சார். பருக்கை எதுனா கீதா?" வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். "போதும்மா" என்பார் அவர். "இல்ல சார், நல்லாப் பாருங்க." அந்த ஆள் வீட்டிலிருந்து டிபன் கட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார்.

என்ன கொடுத்தார்களோ அதையே திருப்பிக் கொடுப்பார். கூட்டியும் இல்லை, குறைத்தும் இல்லை. குரலும் உயராது.

குரல் உயர்வது சாவு வீட்டில் மட்டும்தான். மண்ணூர், பென்னலூர் சுற்றி எங்கே சாவு என்றாலும் அக்காவைக் கூப்பிடுவார்கள். ஒப்பாரி அக்காவுக்கு அப்படி வரும். காசு வாங்கமாட்டார். முதலில் செத்தவர் பேர், அப்புறம் அப்பன் பேர், அப்புறம் ஊர். அதைச் சொல்லித்தான் எடுப்பார். ஒவ்வொரு அடியும் அந்தப் பேரில்தான் வந்து முடியும். யார் வீட்டுச் சாவு என்று தெரியாமல் வந்தவன்கூட அந்தப் பாட்டைக் கேட்டால் தெரிந்துகொள்வான்.

அவருக்கு ஒரே தம்பி. ஏழுமலை. ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. காலை ஷிப்ட்டுக்குப் போகும்போது ஹைவேயில் லாரி அடித்துவிட்டது. ஹெல்மெட் போடவில்லை. ஹெல்மெட் வீட்டில் ஆணியில் மாட்டியிருந்தது.

அன்றைக்கு அக்கா பாடியதை நான் கேட்டேன். பஸ்காரர்கள் எல்லாரும் போயிருந்தோம்.

*ஆணியில தொங்குதடா உன் ஹெல்மெட்டு ஏழுமலை*
*அத மாட்டிக்கிற தலை எங்கடா ஏழுமலை*
*தொறக்காம வந்துடுச்சே உன் டிபன் பாக்ஸு ஏழுமலை*
*எந்த ஊருல பசியாறப் போனியோ ஏழுமலை*

அங்கே வேதாசலம் என்று ஒருவன் வந்திருந்தான். பென்னலூர் ஸ்டாப்பில் 'வேதா மொபைல்ஸ்' கடைக்காரன். ரீசார்ஜ் செய்வான். மெமரி கார்டில் பாட்டு, படம் ஏற்றித் தருவான். கம்பெனி ஹாஸ்டல் பையன்கள் எல்லாரும் அவன் கடையில்தான் கிடப்பார்கள். ஏழுமலையும் அங்கேதான் கார்டு ஏற்றுவான். வேதாசலம் போனை நீட்டிப் பிடித்துப் பாட்டைப் பதிவு செய்தான். யாரோ முறைத்ததற்கு, "ஞாபகத்துக்கு வெச்சிக்கலாம்ணே. அக்காவுக்கே ஒரு காப்பி தரேன்" என்றான். அக்கா காதிலும் அது விழுந்தது. தலையை ஆட்டினார்.

காப்பி வரவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, பஸ்ஸில் ஒரு பையனுக்கு போன் அடித்தது. "தலை எங்கடா... டும்" என்று பாடியது. அடியில் டிரம்ஸ். அக்காவின் குரல்தான்.

அக்கா எழுந்து பின்னால் போனார். நான் கண்ணாடியில் பார்த்தேன்.

"இது இன்னா பாட்டுப்பா?"

"லவ் பெயிலியர் சாங்கு அக்கா. செம ஹிட்டு. எல்லார் போன்லயும் கீது."

"ஏழுமலை எங்க?"

"யாருக்கா?"

"முழுசாப் போடு."

அவன் போட்டான். முதலில் வேதாசலம் குரல், "வேதா மொபைல்ஸ், பென்னலூர்" என்றது. அதுதான் அவன் முத்திரை. எந்தப் பாட்டு ஏற்றினாலும் முன்னால் அதை ஒட்டிவிடுவான். அப்புறம் அக்கா பாடினார். ஏழுமலை என்று வரவேண்டிய ஒவ்வொரு இடத்திலும் பேரை வெட்டிவிட்டு ஒரு டிரம்ஸ் அடி வைத்திருந்தான். டும். பேர் இருந்தால் அது ஒருத்தன் சாவு. பேர் இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் காதலிக்கு அனுப்பலாம்.

அக்கா சீட்டுக்குத் திரும்பி வந்தார். கூடையை மடியில் வைத்துக்கொண்டார். "இருக்கட்டும்" என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

மறுநாள் பென்னலூரில் நிறுத்தச் சொன்னார். கடைக்குப் போனார். நானும் இறங்கினேன்.

"அக்கா, வாக்கா! உன் பாட்டு எங்கியோ போயிடுச்சி, தெரியுமா?"

"என் தம்பி பேர ஏன்பா வெட்டுன?"

"பேரோட இருந்தா யாருக்கா டவுன்லோடு பண்ணுவான்? சாவுப் பாட்ட எவன் ரிங்டோனா வெப்பான்?"

"அது சாவுப் பாட்டுதான்."

"உனக்கு சாவுக்கா. ஊருக்குப் பாட்டு." அவன் மானிட்டரைத் திருப்பிக் காட்டினான். நெட்டிலும் ஏற்றியிருந்தான். ரோஜாப்பூ படம் போட்டு, கீழே அவன் கடை பேர். "இங்க பாரு, காப்பிரைட் வேதா மொபைல்ஸ்னு போட்டுகீறேன். ரெக்கார்டு பண்ணவன் நானு. ஸ்ரீபெரும்புதூர்ல ஒருத்தன் இத சுட்டு சிடி போட்டான். வக்கீல் நோட்டீஸ் வுட்டேன். பயந்துபோய் எடுத்துட்டான்."

"பேரோட ஒரு காப்பி தரேன்னியே."

"தேடிப் பாக்கறேன்க்கா. இப்ப கூட்டமாகீது, பாரு."

இதற்கு ஒரு வருஷம் முன்னால் திருட்டுப் படம் ஏற்றுகிறான் என்று அவன் கடைக்கு சினிமாக் கம்பெனி ஆட்கள் போலீஸோடு வந்து கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். அப்போது அவன் நெட்டில் எழுதியதை பஸ்ஸில் எல்லாரும் படித்தோம். 'பாட்டு காத்து மாதிரி. காத்துக்கு யார் ஓனர்?' என்று எழுதியிருந்தான். நிறையப் பேர் கை தட்டியிருந்தார்கள்.

இதை அக்காவுக்கு ஞாபகப்படுத்தியது மாரி. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். அசெம்பிளி லைனில் வேலை. அக்கா பக்கத்தில் உட்காருவாள். கையில் எப்போதும் போன்.

"யக்கா, நெட்டுல அவன் ஏத்துன பாட்டுக்குக் கீழ நான் எழுதிட்டேன். 'இது மண்ணூர் அக்கா தம்பி சாவுக்குப் பாடுனது, பேர வெட்டிட்டாங்க'ன்னு."

"இன்னா சொல்றாங்க?"

மாரி படிப்பாள். ஷிப்ட் முடிந்து திரும்பும்போது, வெயிலில் லாரி நெரிசலில் வண்டி நிற்கும். அப்போதுதான் படிப்பாள்.

"ஒருத்தன் சொல்லுதான், நெட்டுக்கு வந்துட்டா எல்லாம் பொதுச் சொத்துன்னு. இன்னொருத்தன், ஒப்பாரிக்கு எதுக்கு ராயல்டிங்கான். இவன் பாருங்க, 'அந்த அக்கா அழுதாங்க, வேதா பிரதர்தான் மியூசிக் ஆக்குனாரு'ன்னு போட்டிருக்கான்."

"நம்ம பக்கம் யாரும் இல்லியா?"

"இருக்காங்க. ஒரு லா படிக்கிற பிள்ளை, பாடுனவங்களுக்கும் உரிமை உண்டுன்னு எழுதியிருக்கு. அதுக்கு ஒருத்தன், உங்க அக்காதான் பாடுனதுன்னு ப்ரூஃப் இருக்கான்னு கேக்கான்."

"ப்ரூஃபுன்னா?"

"ஆதாரம்க்கா."

அக்கா வெளியே பார்த்தார். "பொணத்தக் காட்டணுமா அவனுக்கு?"

வண்டி நகர்ந்தது.

மாரி பதிலுக்கு, காத்துக்கு யார் ஓனர் என்று வேதாசலமே எழுதிய பழைய வரியை எடுத்து அவன் பாட்டுக்குக் கீழேயே ஒட்டினாள். அவன் அழித்தான். மறுபடி ஒட்டினாள். 'அவதூறு கேஸ் போடுவேன், எந்தக் கம்பெனின்னு கண்டுபிடிச்சி வேலைய காலி பண்ணுவேன்' என்று எழுதினான். மாரி பயந்துவிட்டாள். காண்ட்ராக்ட் வேலை. ஊரில் தங்கச்சி படிக்கிறது.

அக்கா அவள் கையிலிருந்து போனை வாங்கி அவள் மடியிலேயே வைத்தார்.

"விடு கண்ணு. இருக்கட்டும்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் கண்ணாடியில் அக்காவைப் பார்த்தேன்.

அப்புறம் அக்கா பாட்டுக் கேட்க ஆரம்பித்தார். அதுவரை அவர் பஸ்ஸில் பாட்டுக் கேட்டவர் இல்லை. வேதாசலம் ஏற்றிய கார்டாகப் பார்த்து வாங்கி, மாரியின் போனில் போட்டுக் கேட்டார். கடைசி வரைக்கும் கேட்பார். ஒருநாள் ஒரு கிராமத்துப் பாட்டு ஓடியது. யாரோ பாவப்பட்ட பெரியவர் பாடியது. பாட்டு முடிந்து, வேறொரு குரல் வந்தது. "ஏய், சிலிண்டர்காரன் வந்துகீறான், காச குடுத்து அனுப்பு." நாய் ஒன்று குரைத்தது. பஸ்ஸே சிரித்தது.

அக்கா சிரிக்கவில்லை. "இத அவன் கேக்கவே இல்ல, பாத்தியா?" என்றார்.

"யாருக்கா?"

"வேதாசலம். முன்னால கொஞ்சம் கேக்கறான். முத்திரை குத்தறான். ஏத்திடறான். முடிவு வரைக்கும் கேக்கறதுக்கு அவனுக்கு நேரமில்ல."

மறுவாரம், ஷிப்ட் முடிந்து வரும் வழியில், நெரிசலில் இஞ்சினை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். மாரி போனை நீட்டினாள். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பாடினார்.

முதல் இரண்டு அடிகளில் பேர் இல்லை. பிரிந்து போனவனை நினைத்துப் பாடுகிற மாதிரி இருந்தது. இனிமையாக இருந்தது. ஹாஸ்டல் பையன்கள் விரும்புகிற மாதிரி. மூன்றாவது அடியில் அக்கா மூச்சை இழுத்தார்.

*பென்னலூரு வேதாசலம், பச்சையப்பன் பெத்த மவனே*
*ஊரு போனுக்கெல்லாம் சார்ஜு ஏத்தினியே*
*உன் உசுருல சார்ஜு தீந்துபோச்சே வேதாசலம்*
*கடை ஷட்டர இழுத்துட்டுப் போயிட்டியே வேதாசலம்*

உயிரோடு இருப்பவனுக்கு யாரும் பாடுவதில்லை. பின்னால் ஒரு அம்மா, "ஐயோ, வேணாம்மா" என்றார். அக்கா முழுதாகப் பாடி முடித்தார். முந்தானையில் வாயைத் துடைத்தார்.

"எடுத்துனு போய் அவனுக்குக் குடு. புதுப் பாட்டுன்னு சொல்லு."

மாரி ப்ளூடூத்தில் கொடுத்தாள். கடையில் கூட்டம். அவன் முதல் அடியைக் கேட்டானாம். "அக்கா கோவம் தீந்துடுச்சா? சூப்பரா கீது" என்றானாம். அங்கேயே முத்திரையை ஒட்டி, நெட்டிலும் ஏற்றி, அன்று வந்த கார்டுகளில் எல்லாம் போட்டுவிட்டான்.

மறுநாள் காலை ஷிப்ட் பஸ்கள் எல்லாவற்றிலும் அது பாடியது. எங்கள் பக்கத்தில் பேர், அப்பன் பேர், ஊர் சொல்லி ஒப்பாரி வந்தால் அது சாவுச் செய்தி. வேறு அர்த்தம் கிடையாது. அதுவும் அந்தக் குரலில் வந்தால் சந்தேகமே வராது.

சாயங்காலம் நான் பென்னலூர் ஸ்டாப்புக்கு வண்டியைக் கொண்டுவந்தபோது கடை வாசலில் மாலைகள் கிடந்தன. மேளக்காரர்கள் வந்து நின்றிருந்தார்கள். குட்டி யானை லோடு வண்டியில் ஒருவன் பிணம் வைக்கிற ஐஸ் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தான்.

"யாருக்குடா பெட்டி?" என்று கத்தினான் வேதாசலம்.

"வேதாசலத்துக்கு சார். வூடு எந்தப் பக்கம்?"

"நான்தான்டா வேதாசலம்!"

ஐஸ் பெட்டிக்காரன் அவனை மேலும் கீழும் பார்த்தான். "அப்ப வாடகை யாரு சார் தருவாங்க?"

பஸ்ஸில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போதுதான் அவன் அம்மா தெருமுனையில் வந்தாள். கிழவி. காலில் செருப்பில்லை. தலை அவிழ்ந்து கிடந்தது. மார்பில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். மகன் நிற்பதைப் பார்த்துவிட்டாள். அப்படியும் அவளால் அழுகையை நிறுத்த முடியவில்லை. அவன் முகத்தைத் தடவிக்கொண்டே அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

பஸ்ஸில் சிரிப்பு நின்றது. அக்கா ஜன்னல் வழியாகக் கிழவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கெழவிக்கு ஒண்ணு நான் செய்யணும்" என்றார். யாரிடம் என்று தெரியவில்லை.

வேதாசலம் பாட்டை எடுத்துவிட்டான். ஆனால் அதற்குள் பலர் எடுத்து ஏற்றியிருந்தார்கள். இவன் ஒவ்வொருவருக்கும், எடுங்கள், இல்லாவிட்டால் கேஸ் போடுவேன் என்று எழுதினான். அவர்கள் எல்லாரும் ஒரே பதிலைத்தான் எழுதினார்கள் என்று மாரி படித்துக் காட்டினாள். காத்துக்கு யார் ஓனர்? ஒருவன் இன்னும் மேலே போய், 'முன்னால உங்க முத்திரைதானே இருக்கு பிரதர், உங்க சாவுக்கு நீங்கதான் காப்பிரைட்' என்று எழுதியிருந்தான்.

ஒருநாள் காலை மண்ணூர் ஸ்டாப்பில் அவன் நின்றிருந்தான். முகம் வற்றியிருந்தது.

"அக்கா, போதும்க்கா. கடையில ஆள் வரல. வரவன் எல்லாம், 'இன்னா வேதா, எப்ப வந்த மேலேருந்து'ன்னு கேக்கறான். நீ ஒரு வார்த்தை பேசி வீடியோ போடு. இது சும்மா பாடினதுன்னு சொல்லு."

"போடறேன். என் தம்பி பாட்ட பேரோட ஏத்து. அன்னிக்குப் பாடினது அப்டியே. அத ஊரு கேக்கட்டும். அப்பால போடறேன்."

அவன் தலையைக் குனிந்தான்.

"ஏன்பா?"

"ஒரிஜினல் இல்லக்கா. கார்டுல எடம் இல்லன்னு... டெலிட் ஆயிடுச்சிக்கா."

அக்கா அவனைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஊரில் எத்தனையோ போன்களில் அந்தப் பாட்டு இருந்தது. ஒன்றில்கூட ஏழுமலை இல்லை. இனி இருக்கவும் முடியாது.

"யக்கா, நீங்களே திரும்பப் பாடிருங்க. நான் எடுக்கேன்" என்றாள் மாரி படியிலிருந்து.

"செத்தது ஒருதரம்தானேம்மா. ரெண்டாவதுதரம் எப்டிப் பாடுவேன்?"

வண்டியில் ஏறினார். அவனிடம் எதுவும் சொல்லவில்லை. "இருக்கட்டும்" என்றுகூடச் சொல்லவில்லை. கணக்கு முடிந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டு ஊரெல்லாம் தண்ணீர் போனதே, அந்த வருஷக் கோடையில் கிழவி செத்துப்போனாள். வயசுதான். வேதாசலம் அதற்கு முன்பே கடையை விட்டுவிட்டு ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். கிழவி சாகும் முன் மகள்களிடம் சொல்லியிருந்தாளாம், எனக்கு மண்ணூர்க்காரிதான் பாடணும் என்று. மூத்த மகள் வந்து கூப்பிட்டாள். அக்கா உடனே கிளம்பினார். பகல் நேரம். எனக்கு வண்டி இல்லை. நானும் போனேன்.

வாசலில் வேதாசலம் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு நின்றிருந்தான். வந்தவர்களின் போன்களை எல்லாம் வாங்கி வாளியில் போட்டான். "ஆஃப் பண்ணிக் குடுங்க. யாரும் ரெக்கார்டு பண்ணக் கூடாது. எங்கம்மா பாட்டு எங்கியும் போகக் கூடாது." கெஞ்சிக் கேட்டான். அக்காவும் தன் பட்டன் போனை எடுத்து வாளியில் போட்டார்.

பென்னலூர்ப் பக்கம் ஒரு வழக்கம். தாய் செத்தால் பாட்டில் பெற்ற பிள்ளைகள் பேர் வரிசையாக வரும். பேர் வந்த பிள்ளை எழுந்து போய்த் தாயின் காலைத் தொட வேண்டும். அப்போதுதான் அந்தப் பிள்ளைக்கு விடை.

அக்கா பாடினார். நான் கேட்டதிலேயே அதுதான் பெரிய பாட்டு. கிழவி வெயிலில் செருப்பில்லாமல் ஓடியதைக்கூடப் பாடினார். கேட்ட ஆம்பிளைகள் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டார்கள். மூத்த மகள் பேர் வந்தது. எழுந்து காலைத் தொட்டாள். இளையவள் பேர் வந்தது. அவளும் தொட்டாள். அடுத்தது மகன். ஒரே மகன். வேதாசலம் வேட்டியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

அக்கா மூச்சை இழுத்தார். மார்பில் ஒரு அடி அடித்தார். டும்.

பேர் வரவில்லை. அந்தப் பேர் நிற்கிற அளவுக்கு இடம் விட்டார். பிறகு அடுத்த அடிக்குப் போய்விட்டார்.

அவன் பாதி எழுந்தபடி நின்றான். உட்காரவும் இல்லை, போகவும் இல்லை. எல்லாரும் பார்த்தார்கள். பாட்டு முடிந்தது.

தூக்கிப் போன பிறகு, காரியம் முடித்து மொட்டைத் தலையோடு வந்தான். வாளியோடு வாசலில் நின்று, ஒவ்வொருவர் போனையும் திருப்பிக் கொடுத்தான். கடைசியாக அக்கா வந்தார். வாளியில் அவர் போன் மட்டும் இருந்தது.

"அக்கா," என்றான். "என் பேரு வரலியேக்கா."

அக்கா போனை எடுத்து முந்தானையில் துடைத்தார். அதை ஆன் செய்து, வெளிச்சம் வருகிறதா என்று பார்த்தார்.

"அதுவா?" என்றார். "டெலிட் ஆயிடுச்சிப்பா."

நாங்கள் ரோட்டுக்கு வந்தோம். நான் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். அவன் காலி வாளியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தான்.